மண்சரிவு எச்சரிக்கையை மறைக்கும் விளம்பரம்: யாரிடம் முறையிடலாம்?

அடைமழை நாட்களில் இலங்கையின் மலையகத்தில் டிவி போடுவது நாடகம் பார்க்க மட்டுமல்ல. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவகம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என மூன்று மட்டங்களில் மண்சரிவு எச்சரிக்கை விடும். அம்பகமுவ, கொத்மலை, ஹாலிஎல என்று பிரதேச செயலகப் பிரிவுகளின் பெயர்கள் திரையின் அடியில் ஓடும். போன மழைக்கு, எங்கள் பக்கத்துப் பெயர் வரும் நேரம் பார்த்து, சோபா செட் தள்ளுபடி விளம்பரம் அந்த வரியின் மேலேயே வந்து உட்கார்ந்தது. மஞ்சளா சிவப்பா என்று எங்கள் தோட்டத்து லய வீடுகளில் ஒருவருக்கும் தெரியவில்லை. மஞ்சள் என்றால் விழிப்பாக இருந்தால் போதும். சிவப்பு என்றால் வீட்டைவிட்டுக் கிளம்ப வேண்டும்.

இதைக் கேட்கச் சட்டம் இல்லையா? விளம்பரத்தைப் பற்றி நம் நாட்டில் சட்டங்கள் இருக்கின்றன. ஆனால் நான் கீழே சொல்பவை விளம்பரத்துக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்பவை, அதை எந்த இடத்தில் செருகினார்கள் என்று பார்ப்பவை அல்ல. முறைப்பாடு எழுதுமுன் இந்த வித்தியாசம் பிடிபட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் புகையிலை, மதுபான விளம்பரங்களை அடியோடு தடை செய்கிறது. எந்த நேரத்தில் போட்டாலும் குற்றம்தான். (படத்தில் கதாநாயகன் கையிலிருக்கும் கிளாஸை மங்கலாக்குவதில் காட்டும் அக்கறையில் கால்வாசியை எச்சரிக்கை வரிக்கும் காட்டலாம்.) மருந்து விளம்பரம் 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும். பொருளைப் பற்றிப் பொய்யோ, ஆளை ஏமாற்றும் பேச்சோ இருந்தால், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் 30ஆம், 31ஆம் பிரிவுகளில் மாட்டும். அதற்குப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம்.

சோபா விளம்பரத்தில் பொய் எதுவும் இல்லை, போட்ட இடம்தான் தப்பு. அதனால் 1977க்கு அழைத்துப் பயனில்லை. முதலில் அந்தச் சேனலுக்கே எழுத வேண்டும். பதில் வராவிட்டால் ஊடகத்துறை அமைச்சுக்கு ஒரு பிரதி அனுப்புங்கள்; தனியார் தொலைக்காட்சிகள் 1982ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க ரூபவாஹினிக் கூட்டுத்தாபனச் சட்டத்தின்படி, அமைச்சரின் அனுமதிப்பத்திரத்தில்தான் நடக்கின்றன. டிஷ்ஷில் வரும் இந்தியச் சேனல்களின் விளம்பரத்துக்கு இந்த வழி சரிவராது.

"விளம்பரத் தொல்லை தாங்கவில்லை" என்று மொட்டையாக எழுதினால் கோப்பில் தூங்கும். சேனல், திகதி, மணி, அப்போது ஓடிய நிகழ்ச்சி, எந்த விளம்பரம், அது எதை மறைத்தது, இத்தனையும் வேண்டும். பக்கத்தில் யாராவது திரையை ஃபோனில் வீடியோ எடுத்திருந்தால் அதையும் வைத்துக்கொள்ளுங்கள்.

அமைச்சுக்குச் சிங்களத்தில் எழுதித்தர ஆள் தேட வேண்டியதில்லை. அரச அலுவலகத்துக்குத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 4ஆம் அத்தியாயம் உரிமை தருகிறது. மறுத்தால் அது தனி முறைப்பாடு. அரசகரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு எழுதலாம்.

இதெல்லாம் மழை விட்ட பிறகு செய்கிற வேலை. எச்சரிக்கை வரி மறைந்துபோன அந்த நேரத்தில் விளம்பரம் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117க்கு அழைத்து, பிரதேச செயலகப் பிரிவின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.