கயிறு இல்லாத ஊஞ்சல்: ஸ்கேட் பவுலும் சின்ன அலையும்

கோவளத்தில் சர்ஃபிங் பழகும் ஒரு வாசகரின் கேள்வி இது. பிப்ரவரி, மார்ச்சில் அலை முழங்கால் உயரத்தைத் தாண்டுவதில்லை. போர்டில் எழுந்து நின்ற மூன்றாவது நொடியிலேயே வேகம் செத்துவிடுகிறது. ஸ்கேட் பவுலில், அதாவது ஸ்கேட்போர்டு ஓட்டுவதற்கான வளைந்த சுவர்கொண்ட சிமென்ட் குழியில், பழகினால் சரியாகும் என்று ஒரு கட்சி, அகலமான குட்டைப் போர்டு வாங்கினால் போதும் என்று இன்னொரு கட்சி. யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு கட்சியும் சரிதான். ஆனால் ஒன்று இல்லாமல் மற்றது பாதி வேலைதான் செய்யும். காரணம் ஊஞ்சலில் இருக்கிறது.

புளியமரக் கிளையில் கட்டிய ஊஞ்சலில் பலகை மேல் நின்று ஆடியவர்களுக்குத் தெரியும்: பின்னாலிருந்து யாரும் தள்ள வேண்டாம். உச்சிக்குப் போகும்போது குந்துவோம், கீழே வரும்போது விறைப்பாக எழுந்து நிற்போம். நாலு முறை இப்படி எம்பினால் கிளை கிறீச்சிடும். பத்து வயதுப் பிள்ளைகூடச் சொல்லிக்கொடுக்காமலே செய்கிற இந்த வித்தைக்குப் பின்னால் இருப்பது பதினோராம் வகுப்புப் பாடம், கோண உந்தம். சுழலும் பொருளின் நிறை, வேகம், சுழற்சி மையத்திலிருந்து அதன் தூரம் ஆகிய மூன்றின் பெருக்கம் அது. ஊஞ்சல் அடிப்புள்ளியைக் கடக்கிற அந்தக் கணத்தில் புவியீர்ப்பு நேராகக் கீழே இழுக்கிறது. சுழற்சியைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. பெருக்கம் மாறாது. எழுந்து நின்றால் உடம்பின் நிறை மையம் கயிறு கட்டிய கிளைக்கு அருகே போகிறது, தூரம் குறைகிறது. அப்படியானால் வேகம் கூடியே ஆக வேண்டும்.

ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா தேவாலயத்தில் ஆள் நின்று ஆடாமலே இதைச் செய்கிறார்கள். அங்கே தொங்கும் ராட்சதத் தூபக்காலை எட்டுப் பேர் கயிற்றைப் பிடித்து ஆட்டுகிறார்கள். தொடக்கத்தில் ஒரு தள்ளு, அதற்குப் பிறகு யாரும் பக்கவாட்டில் தள்ளுவதில்லை. அடிப்புள்ளியில் கயிற்றை இழுத்துச் சுருக்குகிறார்கள், உச்சியில் விட்டுவிடுகிறார்கள். ஒன்றிரண்டு நிமிடங்களில் அது கூரையைத் தொடுகிற மாதிரி பறக்கிறது.

இப்போது பவுலுக்கு வருவோம். பவுல் என்பது தண்ணீர் இல்லாத நீச்சல் குளம். உவமை இல்லை, ஆரம்பமே அப்படித்தான். 1976-77இல் கலிபோர்னியாவில் கடும் வறட்சி, வீட்டுக் குளங்கள் காய்ந்து கிடந்தன. அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் பாலியூரித்தேன் சக்கரங்கள் வந்து, களிமண் சக்கரத்தின் வழுக்கலுக்கு முடிவு கட்டியிருந்தன. ஹவாய் சர்ஃபர் லாரி பெர்ட்டில்மன் அலையில் தரையோடு தரையாகக் குந்தித் திரும்பும் பாணியை கலிபோர்னியாவின் சாண்டா மோனிகா, வெனிஸ் பக்கத்துப் பையன்கள் சிமென்ட் சுவரில் நகலெடுத்தார்கள். ஆக, பவுலில் பழகி சர்ஃபிங்கைத் தேற்றுவது புது யோசனை அல்ல, கடனைத் திருப்பிக் கொடுப்பது.

பவுலின் சுவரும் தரையும் சேருமிடம் ஒரு வட்ட வில். அந்த வட்டத்தின் மையம் காற்றில், கண்ணுக்குத் தெரியாமல் இருக்கிறது. கிளை அதுதான். கயிறுக்குப் பதிலாக சிமென்ட் நம்மை அந்த மையம் நோக்கித் தள்ளுகிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வளைவின் ஆரம் 2 மீட்டர். 60 கிலோ ஆள் குந்தியிருக்கும்போது நிறை மையம் சிமென்ட்டிலிருந்து 60 செ.மீ. உயரத்தில், வட்ட மையத்திலிருந்து 1.4 மீட்டர். எழும்பும்போது 95 செ.மீ.; தூரம் 1.05 மீட்டர். நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் வந்தவர் 4 மீட்டரில் வெளியேறுவார். இயக்க ஆற்றல் கிட்டத்தட்ட 1.8 மடங்கு! உராய்வும், ஒரே கணத்தில் எழ முடியாத உடம்பும் இதில் கணிசமாகப் பிடித்துக்கொள்ளும் என்றாலும், ஒரே ஒரு எம்பலுக்கு இது பெரிய லாபம்.

சும்மா கிடைத்த லாபம் இல்லை. வளைவில் இருக்கும்போது எடை கூடுகிறது. மேற்கண்ட கணக்கில் குந்திய நிலையில் கால் தாங்குவது உடல் எடையைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல், நிமிர்ந்து முடிக்கையில் இரண்டரை மடங்கு. அந்தப் பாரத்தை எதிர்த்து 35 செ.மீ. தூக்குகிற வேலைதான் வேகமாக மாறுகிறது. சமதரையில் எழுந்து உட்கார்ந்தால் தோப்புக்கரணம் மட்டும்தான். வேகம் வராது, அங்கே வட்டம் இல்லை. உச்சியில் குந்துவதற்கு ஏன் தண்டனை இல்லை? அங்கே வேகம் பூஜ்யத்துக்கு அருகில். பெருக்கத்தில் ஒன்று பூஜ்யமானால் தூரத்தை எவ்வளவு மாற்றினாலும் இழப்பதற்கு ஒன்றுமில்லை. இதைத் தலைகீழாகச் செய்தால், அதாவது வளைவின் அடியில் குந்தினால், அதே சூத்திரம் வேகத்தை உறிஞ்சிவிடும். தெரிந்தவர்கள் அதையே பிரேக்காகப் பயன்படுத்துகிறார்கள். தெரியாதவர்கள் பயத்தில் சரியாக அந்த இடத்தில்தான் குந்துகிறார்கள், பிறகு பவுல் சரியில்லை என்கிறார்கள்.

பழகும் முறை. ஹெல்மெட், முழங்கால், முழங்கை, மணிக்கட்டுக் காப்புகள் கட்டாயம். முதல் நாள் முழுக்க, முழங்கால் காப்பில் வழுக்கி விழப் பழகினாலும் நேரம் வீண் இல்லை. விளிம்பிலிருந்து இறங்க வேண்டாம். மூன்று, நான்கு அடி ஆழமுள்ள பகுதியில், தரையில் ஒருமுறை காலால் உந்திவிட்டுச் சுவருக்குள் போங்கள். போர்டு மேலேறி நிற்கப் போகும்போது முழங்கால்களை நெஞ்சுப் பக்கம் இழுங்கள். இறங்கி வளைவுக்குள் நுழைந்ததும் சிமென்ட்டை மிதித்துத் தள்ளுங்கள். தரை வந்தபின் தள்ளுவது தாமதம். எதிர்ச் சுவரின் வளைவில் ஏறும்போது மறுபடி ஒரு மிதி. சக்கரம் எட்டிய உயரத்தில் நண்பரைச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். அடுத்த ஏற்றத்தில் கோட்டைத் தாண்டினால் எம்பல் சரி. காலைக் கீழே வைக்காமல் எத்தனை சுவர் போக முடிகிறது என்பதே அளவுகோல். இருபது நிமிடம் போதும், தொடை அதற்குமேல் ஒத்துழைக்காது.

சக்கரம் வழவழப்பான பவுலுக்கு 56 முதல் 60 மி.மீ., கடினம் 97ஏ-யை ஒட்டி (எண் கூடினால் கடினமும் கூடும்). சொரசொரப்பான சிமென்ட் என்றால் மெத்தென்ற சக்கரம். சர்ஃபிங் அசைவைப் பழகவென்றே செய்த சர்ஃப்ஸ்கேட் போர்டின் முன் ட்ரக், அதாவது சக்கரங்களைத் தாங்கும் அச்சு, மிகத் தாராளமாகத் திரும்பும். திருப்பம் பழக அருமை, செங்குத்துச் சுவரில் வேகமாகப் போனால் ஆட்டம் காணும். அதைவிடப் பெரிய ஆபத்து வேறு. சர்ஃப்ஸ்கேட்டைச் சமதரையில் இடுப்பை நெளித்து நெளித்து ஓட்டுவது பார்க்க சர்ஃபிங் மாதிரியே இருக்கும். அங்கே வேகம் வருவது ட்ரக்கின் திருகலால், குந்தி எழுவதால் அல்ல. அந்தப் பழக்கத்தோடு கடலுக்குப் போனால் இடுப்பு ஆடும், போர்டு நிற்கும்.

தவறுகளில் மிகச் சாதாரணமானது முழங்காலுக்குப் பதில் இடுப்பில் குனிவது. தலை இறங்குகிறது, நிறை மையம் நகர்வதில்லை. பக்கவாட்டிலிருந்து செல்போனில் படம்பிடித்தால் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். இன்னொன்று, பயத்தில் பின்காலில் சாய்வது. போர்டு முன்னால் பறந்துவிடும், ஆள் பின்மண்டையோடு கீழே.

சரி, அலையில் என்ன நடக்கிறது? அங்கேயும் போர்டின் பாதை வளைகிறது. அலையின் மேல் மூன்றிலொரு பங்கில் லேசாகச் சரிந்து, போர்டின் ஓரத்தை, அதாவது ரெயிலைப் பதித்து, மறுபடி மேலே திருப்புகிற அந்தச் சின்ன வில்தான் உங்கள் சிமென்ட் வளைவு. அங்கே மிதிக்க வேண்டும், மேலே வந்ததும் முழங்காலை மடக்க வேண்டும். அலையின் அடிவாரம் வரை இறங்கினால் சின்ன அலையில் அது சமதரை. திரும்பி ஏற ஆற்றல் இருக்காது.

ஒரே ஒரு சிக்கல், அதுதான் முழுச் சிக்கலும். சிமென்ட் இரண்டரை மடங்கு எடையைத் தாங்கும். தண்ணீர் தாங்குமா? போர்டு தண்ணீர் மேல் சறுக்கும்போது கிடைக்கும் தூக்குவிசை, வேகத்தின் இருமடிக்கும் அடிப்பரப்புக்கும் ஏற்ப இருக்கும். நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் கிடைத்தது 3.5 மீட்டரில் பாதியாகிவிடும். ஆழமற்ற நீரில் அலையின் வேகம் ஆழத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சின்ன அலை கரைக்கு வெகு அருகே, இடுப்பளவு நீரில்தான் உடைகிறது. ஆகவே மெதுவாகவும் வருகிறது. அந்த வேகத்தில் ஒல்லியான போர்டை ஓங்கி மிதித்தால் வால் அமிழும். தொடை செய்த வேலையெல்லாம் நுரையாகப் போகும். பவுலில் கெட்டிக்காரராக இருப்பவர் கடலில் திணறுவது இதனால்தான். சின்ன அலைப் போர்டின் வேலை, தண்ணீரைக் கொஞ்சம் சிமென்ட் ஆக்குவது.

எப்படி? அகலத்தைக் கூட்டி, வளைவைக் குறைத்து. வழக்கமாக 5 அடி 10 அங்குல நீளம், 18¾ அங்குல அகலம், 2⅜ அங்குலக் கனமுள்ள போர்டு ஓட்டுபவருக்கு 5 அடி 6 அங்குலம், 20 அங்குலம், 2½ அங்குலம் பொருத்தம். போர்டைப் பக்கவாட்டில் பார்த்தால் தெரிகிற வாழைப்பழ வளைவுக்கு ராக்கர் என்று பெயர். அது அதிகமானால் போர்டு தண்ணீரை முன்னால் தள்ளிக்கொண்டே போகும். மூக்கில் 4 அங்குலம், வாலில் 2 அங்குலம் அல்லது அதற்குக் கீழ் என்றால் சின்ன அலைக்கு நல்லது. தட்டைப் போர்டு பெரிய வட்டத்தில்தான் திரும்பும். அதை ஈடுகட்டத்தான் நீளத்தை வெட்டுகிறார்கள். பார்க்க வேண்டிய முக்கிய அளவு வால் முனையிலிருந்து 12 அங்குலம் தள்ளி உள்ள அகலம். நீங்கள் மிதிக்கிற இடம் அது. 15½ அங்குலத்தை ஒட்டி இருந்தால் மிதி தாங்கும்.

கடையில் முதலில் கேட்கப்படுவது லிட்டர் கணக்கு, அதாவது போர்டின் கன அளவு. அதை ராசி எண் மாதிரி நெஞ்சில் எழுதிக்கொண்டு திரிபவர்கள் உண்டு. 65 கிலோ ஆளை 30 லிட்டர் போர்டு மிதக்க வைக்காது. ஆர்க்கிமிடீஸ் சொன்னபடி, தன் எடை போக 27 கிலோவைத்தான் தாங்கும். எழுந்து நிற்பவரைத் தாங்குவது வேகமும் பரப்பும். லிட்டர் உதவுவது படுத்துக்கொண்டு கையால் துடுப்பு போடும்போது. வலுவற்ற அலையைப் பிடிக்க வழக்கத்தைவிட 2 முதல் 4 லிட்டர் கூடுதல் போதும். அதற்குமேல் போனால் தடித்த ரெயில் தண்ணீரில் இறங்க மறுக்கும். ரெயில் இறங்காவிட்டால் வில் இல்லை, வில் இல்லாவிட்டால் எம்பலும் இல்லை. ஒரே லிட்டரில் ஒல்லியாகவும் தடிமனாகவும் ஒன்று, அகலமாகவும் மெலிதாகவும் ஒன்று இருந்தால் இரண்டாவதை எடுங்கள்.

சென்னை ஐஐடியின் கடல்சார் பொறியியல் துறையில் அலைத்தொட்டி இருக்கிறது. நாலு போர்டை அதில் இழுத்துத் தூக்குவிசையை அளப்பது ஒரு முதுகலை மாணவருக்கு நல்ல ஆய்வு. கப்பலுக்குக் கிடைக்கிற பணத்தில் நூறில் ஒரு பங்கு போதும். விளையாட்டு என்றாலே விளையாட்டுத்தனம் என்று நினைக்கிற நிதிக்குழுக்களுக்கு, சறுக்கும் படகின் இயற்பியலும் இதுவேதான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

போர்டின் அடியில் வால் பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் மீன்செதில் போன்ற ஃபின் விஷயத்தில், இரட்டை ஃபின் என்றால் இழுவை குறைவு, மெதுவான அலையில் ஓடும். சான் டியேகோவின் ஸ்டீவ் லிஸ் 1967இல் மீன்வால் வடிவத்தில் செய்த குட்டைப் போர்டும், ஆஸ்திரேலிய சர்ஃபர் மார்க் ரிச்சர்ட்ஸ் 1979 முதல் 1982 வரை நாலு உலகப் பட்டங்கள் வென்ற போர்டுகளும் இரட்டை ஃபின்தான். பின்காலால் மட்டும் ஓங்கி மிதித்தால் வால் வழுக்கிக்கொண்டு போகும். நடுவில் ஒரு சின்ன மூன்றாவது ஃபின் மாட்டினால் அடங்கும். புதுப் போர்டில் முன்காலை வழக்கத்தைவிட நாலைந்து செ.மீ. முன்னால் வையுங்கள், தட்டையான அடிப்பாகத்தின் நடு அங்கேதான் இருக்கிறது. அலை செங்குத்தாக எழும் நாளில் மட்டும் காலைப் பின்னுக்கு இழுங்கள், இல்லாவிட்டால் ராக்கர் குறைந்த மூக்கு நேராகத் தண்ணீருக்குள் குத்தும்.