கோழிக்கூட்டில் வீசல்: கட்டைவிரல் நுழையும் ஓட்டை போதும்

ஒரே இரவில் கூட்டிலுள்ள கோழிகள் எல்லாம் செத்துக் கிடக்கும். தின்ற அடையாளமே இருக்காது. 'ரத்தத்தைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறது' என்பார்கள். இப்படிச் செய்வது வீசல் (weasel) என்ற ஒல்லியான சிறு வேட்டை விலங்காக இருக்கலாம்; ஆனால் அது ரத்தம் குடிப்பதில்லை. பிடரியில், மண்டையோட்டுக்குக் கீழே கடித்துக் கொல்கிறது. கழுத்தில் தெரியும் பற்குறியும் ரத்தக்கசிவும் அதனால் வந்தவை.

வந்தது யார் என்று முதலில் பாருங்கள். கோழியே காணாமல் போயிருந்தால் நரியாக இருக்கலாம். உடலை அங்கங்கே கொறித்திருந்தால் எலி. பிடரிக் கடியோடு உடல்கள் ஒரு மூலையில் குவிந்து கிடந்தால் வீசலைச் சந்தேகிக்கலாம். கீரியையும் புனுகுப்பூனையையும் பலர் இதோடு குழப்பிக்கொள்கிறார்கள்; அவை பூனை வகைக்கு நெருக்கமானவை. வீசலின் சொந்தங்கள் நீர்நாய், மிங்க், ஃபெரெட் போன்றவை.

ஏன் இத்தனை கொலை? காரணம் உடல்வாகு. எலி வளைக்குள் துரத்திப் போக வசதியான அந்த நீண்ட, ஒல்லி உடம்பில் சூடு தங்காது. கொழுப்பும் அதிகம் சேராது. அதனால் தினமும் தன் எடையில் மூன்றில் ஒரு பங்காவது தின்றாக வேண்டும். கிடைக்கும்போது கொன்று, வளையில் பதுக்கி வைத்துப் பிறகு தின்பது அதன் வழக்கம். வெளியே ஒரு எலி சிக்கினால் மற்றவை ஓடிவிடும். கூட்டுக்குள் கோழிகள் சிறகடித்துக்கொண்டே இருக்கும், தப்ப வழியில்லை. அசைவு தெரியும்வரை வேட்டைத் தூண்டுதலும் அடங்காது.

தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும், 2.5 செ.மீ. இடைவெளி தாராளம். அறுகோணக் கண் கொண்ட சாதாரணக் கோழிவலை இதற்கு உதவாது. 12 மி.மீ. கண்ணுள்ள, பற்றவைத்த கம்பிவலை வேண்டும். அதை 30 செ.மீ. ஆழம் புதைத்து, அடி விளிம்பை வெளிப்பக்கமாக மடக்குங்கள். வலையை ஒழுங்காக அடித்துவிட்டுக் கதவடியையும் கூரை விளிம்பையும் மறப்பவர்களே அதிகம். பகலிலும் வேட்டையாடும் என்பதால் இரவில் மட்டும் அடைப்பது போதாது.

பெரும்பாலும் எலியைத் தேடித்தான் வீசல் வருகிறது. சிந்திய தீவனத்தைக் கூட்டி அள்ளுங்கள். மீதியை மூடியுள்ள தகர டப்பாவில் வையுங்கள். எலிவிஷம் மட்டும் வேண்டாம். ரத்தம் உறைவதைத் தடுக்கும் விஷத்தைத் தின்ற எலி சில நாட்கள் தள்ளாடித் திரியும். அதைப் பிடித்துத் தின்னும் வீசலும் ஆந்தையும் சாகும், பிறகு எலி பெருகும்.

கூட்டுக்குள் வீசல் மாட்டிக்கொண்டால் வெறுங்கையால் தொடாதீர்கள். கடி ஆழமாக இறங்கும். வாலடிச் சுரப்பியிலிருந்து கடும் நாற்றமும் வரும். கோழிகளை வேறிடம் மாற்றிவிட்டுக் கதவைத் திறந்து வைத்து விலகி நில்லுங்கள். எந்த ஓட்டை வழியாக வெளியேறப் பார்க்கிறது என்று கவனித்து, வீசல் போனதும் முதலில் அந்த ஓட்டையை அடைத்துவிடுங்கள்.