பழைய காருக்கு டிஸ்க் பிரேக்: ரெயூனியனில் பதிவுச் சான்று என்ன ஆகும்?

அப்பா ஓட்டிய பெஜோ 404 ஐ மறுபடி சாலைக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் முதலில் கேட்பது, "டிரம் பிரேக்கை எடுத்துவிட்டு டிஸ்க் போடலாமா?" என்பதுதான். பதில் மெக்கானிக்கிடம் மட்டும் இல்லை. உங்கள் கார்த் கிரீஸ் என்ற பதிவுச் சான்றிலும் இருக்கிறது.

ரெயூனியன் பிரான்ஸைச் சேர்ந்த தீவு; இங்கே பிரெஞ்சுச் சட்டமே நடக்கிறது. வண்டிக்கு 30 வயது நிறைந்து, அந்த வகை உற்பத்தி நின்று, முக்கிய பாகங்களின் தொழில்நுட்பத் தன்மை மாறாமல் இருந்தால், சேகரிப்பு வாகனமாகப் பதியலாம். கட்டாயமில்லை. பதிந்தால் தொழில்நுட்பப் பரிசோதனை இரண்டு ஆண்டுக்குப் பதில் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. 1960க்கு முன் சாலைக்கு வந்த சேகரிப்புக் கார்களுக்கு அதுவும் இல்லை.

சிக்கல் அந்த மூன்றாவது நிபந்தனையில். தேய்ந்த லைனிங் (டிரம்மில் உரசி வண்டியை நிறுத்தும் பட்டை), கசியும் வீல் சிலிண்டர், வெடித்த ஹோஸ் ஆகியவற்றை அதே வகையில் புதிதாகப் போடுவது பழுதுபார்ப்பு. யாரையும் கேட்க வேண்டாம். டிரம்மை டிஸ்க்காக்குவது மாற்றம். பிந்தைய 404களுக்குத் தொழிற்சாலையே முன்சக்கர டிஸ்க் கொடுத்தது உண்மைதான். ஆனால் உங்களுடையது முந்தைய வண்டி என்றால், சேகரிப்புச் சான்றளிக்கும் எஃப்எஃப்விஇ கூட்டமைப்பிடம் படங்களோடு முன்கூட்டியே கேளுங்கள். கணிசமான மாற்றம் செய்த வண்டிக்குப் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும் என்கிறது சாலைச் சட்டம்; இங்கே அதைக் கவனிப்பது டெயால் என்ற அரசு அலுவலகம். காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். "முதலில் மாட்டிவிடுவோம், பிறகு பார்க்கலாம்" என்பவர் விபத்து நாளில் உங்களோடு நிற்கமாட்டார்.

பரிசோதனையில் உருளைகள் மேல் சக்கரங்களை ஏற்றி பிரேக் விசையை அளப்பார்கள். ஒரே அச்சில் வலச் சக்கரம் 200, இடச் சக்கரம் 130 என்று காட்டினால் வித்தியாசம் 35 சதவீதம். 30ஐத் தொட்டாலே பெரிய குறை. இரண்டு மாதத்துக்குள் சரிசெய்து மறுபடி காட்ட வேண்டும். உயிருக்கு ஆபத்தான குறை என்று எழுதிவிட்டால் அன்று நள்ளிரவு வரைதான் ஓட்டலாம். பெரும்பாலும் காரணம் சின்னது: சிலிண்டர் கசிந்து லைனிங் நனைந்திருக்கும்.

என்னைக் கேட்டால், பெரும்பாலான வண்டிகளுக்கு டிஸ்க் தேவையில்லை. நல்ல டிரம்மும் புதிய பிரேக் திரவமும் போதும். மலை ஊரான சிலாவோஸிலிருந்து 400 வளைவுகளில் இறங்கும்போது ஈரம் ஏறிய பழைய திரவம் கொதித்து, பெடல் தரைவரை போய்விடும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றுங்கள். பரிசோதனைக்கு ஐந்து ஆண்டு அவகாசம் இருக்கிறதே என்று காத்திருக்க வேண்டாம்.

டிரம்மைத் திறக்கும்போது தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள். ஆஸ்பெஸ்டாஸைப் பிரான்ஸ் 1997இல்தான் தடை செய்தது. பழைய லைனிங்கில் அது இருக்கலாம். ஈரத் துணியால் துடைத்து, அந்தத் துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள்.