பெரிய வீட்டில் கணினி பேசினால்

காரைக்குடியில் அப்பத்தாவுக்குப் பார்வை மங்கியதும், செய்திகளை வாசித்துக் காட்ட வீட்டின் பெரிய ஹாலில் கணினி வைத்தோம். என்விடிஏ என்ற இலவசத் திரை வாசிப்பு மென்பொருள், அதற்குள் எழுத்தைப் பேச்சாக மாற்றும் இஸ்பீக் என்ஜியின் தமிழ்க் குரல். "கிணத்துக்குள்ள நின்னு பேசுற மாதிரி இருக்குப்பா" என்றார். ஒலியைக் கூட்டினேன். குழப்பம்தான் கூடியது.

காரணம் வீடு. வழவழவென்று இழைத்த சுண்ணாம்புச் சுவரும் ஆத்தங்குடி டைல்ஸ் தரையும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. ஓர் எழுத்தின் எதிரொலி அடங்குவதற்குள் அடுத்தது அதன்மேல் வந்து விழுகிறது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவு கூடும். ஸ்பீக்கரை அவருக்குப் பக்கத்தில் நகர்த்தி, வேகத்தைக் குறைத்த பிறகுதான் சொற்கள் பிரிந்து கேட்டன.

டேப்பை மெதுவாக ஓட்டினால் குரல் தடித்துவிடும். இங்கே அப்படி ஆவதில்லை. இஸ்பீக் உயிரொலிகளை யாரும் பேசிய பதிவிலிருந்து எடுப்பதில்லை. வாய்க்குள் காற்று எந்தெந்த அதிர்வெண்களில் அதிகம் ஒலிக்கும் என்று கணக்கிட்டு உருவாக்குகிறது. குரல் இயந்திரத்தனமாக இருப்பது அதனால்தான்; வேகத்தைத் தனியாகவும் சுருதியைத் தனியாகவும் மாற்ற முடிவதும் அதனால்தான். சுருதி என்பது குரல்நாண் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்ற கணக்கு: ஆணுக்குச் சுமார் 120, பெண்ணுக்குச் சுமார் 200. ஏற்ற இறக்கம் என்ற அமைப்பு, அந்த எண் வாக்கியத்துக்குள் எவ்வளவு ஏறி இறங்கலாம் என்பதைத் தீர்மானிக்கிறது. அதைப் பூஜ்யமாக்கினால் ஒரே சுருதியில் ஒப்பிக்கும். கேள்வி எது, பதில் எது என்று தெரியாது.

இன்செர்ட், கண்ட்ரோல் இரண்டையும் அழுத்திக்கொண்டு பக்கவாட்டு அம்புக்குறியைத் தட்டினால் அமைப்புகள் ஒவ்வொன்றாக வரும். மேல், கீழ் அம்புகள் அளவை மாற்றும்.

அப்புறம் கல்யாணப் பத்திரிகை. நம் பக்கத்துப் பெயர்களுக்கு முன்னால் 'பழ.' போன்ற விலாச எழுத்துகள், அதாவது முன்னோர் பெயரின் சுருக்கங்கள், நிற்கும். கணினி அதை வெறும் 'பழ' என்று வாசிக்கும். புள்ளியோ வாக்கியத்தின் முடிவு. மென்பொருளின் பேச்சு அகராதியில் 'பழ.' என்பதைப் 'பழனியப்பன்' என்று ஒருமுறை எழுதி வைத்தால் போதும், பெயர் உடையாமல் வரும். இதை எல்லோரும் செய்துகொள்ள வேண்டும் என்பேன்.

இப்போது ஹாலில் வேகம் நூற்றுக்கு 25. மெத்தையும் துணிமணியும் நிறைந்த அறைக்குள் கணினியைக் கொண்டுபோனால், 45 வைத்தாலும் அப்பத்தாவுக்குத் தெளிவாகக் கேட்கிறது.