பழைய காருக்குப் பட்டறைச் செலவு செய்யும் முன் ஆர்.சி.யைப் பாருங்கள்

பெங்களூரில் பழைய காரைப் பழுது பார்ப்பதா, கழித்துவிட்டு வேறு வாங்குவதா என்று யோசிப்பவர்கள் முதலில் மெக்கானிக்கிடம் போகிறார்கள், ஆர்.சி. எனும் பதிவுச் சான்றிதழைக் கடைசியில்தான் எடுத்துப் பார்க்கிறார்கள். அதனால் பணத்தை இழந்தவர்களைப் பார்த்த வேதனையில்தான் இதை எழுதுகிறேன்.

சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளில் முடியும், ஆர்.டி.ஓ. சோதனையில் தேறினால் 5 ஆண்டுகளுக்குப் புதுப்பிக்கலாம். கட்டணம் 5,000 ரூபாய். 20 ஆண்டு கடந்த காருக்கு 10,000. காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். தாமதித்தால் மாதத்துக்கு 500 ரூபாய் கூடும்.

பலரும் மாட்டிக்கொள்வது கடன் பதிவில். அல்சூரில் ஒரு பெரியவர் எஞ்சின் வேலை, டயர், பெயின்ட் எல்லாம் முடித்துப் பதிவைப் புதுப்பிக்கக் காரைக் கொண்டுபோனார். என்றோ அடைத்த கடனுக்கான வங்கியின் பெயர் ஆர்.சி.யில் அப்படியே இருந்தது. பழைய கணக்கு இந்தக் கிளையில் இல்லை என்று வங்கியும், வங்கியின் கடிதம் இல்லாமல் முடியாது என்று ஆர்.டி.ஓ.வும் அவரை அலைக்கழிக்க, தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போனது. கடன் முடிந்ததும் வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் பதிவை நீக்கக் கொடுக்கும் படிவம் 35-ம் வாங்கி அந்தப் பதிவை நீக்கிவிடுங்கள்.

சிவாஜிநகரில் கிடைக்கும் பழைய எஞ்சினைப் பொருத்தினால் செலவு குறையும் என்று பட்டறையில் சொன்னால், ஆர்.டி.ஓ. அனுமதி பெறாமல் சம்மதிக்காதீர்கள். எஞ்சின் எண் ஆர்.சி.யோடு ஒத்துப்போகாத கார் சோதனையில் தேறாது. தமிழ்நாட்டுப் பதிவெண் உள்ள காரை இங்கே 12 மாதங்களுக்கு மேல் வைத்திருந்தால், அங்கிருந்து தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மறுபதிவு செய்து, கர்நாடகச் சாலை வரியும் கட்ட வேண்டும். இந்தச் செலவு எந்தப் பட்டறையின் எஸ்டிமேட்டிலும் வராது.

கழிப்பது என்று முடிவெடுத்தால் காயலான் கடைக்குக் கொடுக்காதீர்கள். ஆர்.சி. உங்கள் பெயரிலேயே நிற்கும். அந்த எண்ணை வைத்து யார் என்ன செய்தாலும் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்குத்தான் வரும். அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் ஒப்படைத்து, அதற்கு அத்தாட்சியான டெபாசிட் சான்றிதழ் வாங்குங்கள். கடன் பதிவோ பாக்கியோ இருந்தால் அங்கும் சான்றிதழ் கிடைக்காது. அந்தச் சான்றிதழைக் காட்டினால் புதிய காருக்குப் பதிவுக் கட்டணம் இல்லை. சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தர மத்திய விதி இடமளித்தாலும், எவ்வளவு என்பதை மாநிலமே முடிவு செய்கிறது. ஆகவே ஷோரூமில் வாய்மொழியாகச் சொல்லும் தொகையை நம்பி முன்பணம் கட்டாமல், புதிய காரின் பதிவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே சான்றிதழைக் கொடுத்து, சலுகைத் தொகையை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.