சுற்றுகளின் கணக்கு: போக்கிமான் போட்டியில் தாக்குதல் அணி எப்படி இயங்குகிறது

போக்கிமான் என்ற கற்பனை உயிரிகளின் அணிகளை மோதவிடும் போட்டியில் இரண்டு ஆட்டக்காரர்களும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே நேரத்தில் தம் முடிவை எடுக்கிறார்கள். களத்தில் நிற்கும் போக்கிமானை ஓர் அடி அடிக்கச் சொல்லலாம், அல்லது அதைத் திரும்ப அழைத்துக்கொண்டு வேறொன்றை இறக்கலாம். எதைச் செய்தாலும் அந்தச் சுற்று செலவாகிவிடும். காயத்தை ஆற்றிக்கொள்ளவும், பொருத்தமான போக்கிமானை இறக்கவும், அணியை நிலைப்படுத்தவும் எதிராளிக்குத் தேவைப்படும் சுற்றுகளை அவர் கைக்கு எட்டாமல் செய்வதே தாக்குதல் அணியின் வேலை. அது கையாளும் முதன்மையான பொருள் வலிமை என்று தோன்றினாலும் உண்மையில் அது நேரமே.

பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம் என்று தமிழ் பேசும் எங்கள் எல்லையோர ஊர்களில், பொள்ளாச்சிக்கும் கோயம்புத்தூருக்கும் பஸ்ஸில் போய்ப் படிக்கும் மாணவர்கள், உலாவியிலேயே இலவசமாக ஓடும் போக்கிமான் ஷோடவுன் தளத்தில் கைப்பேசி வழியாக இந்தப் போட்டியை ஆடுகிறார்கள். அவர்களில் பலருடைய முதல் அணி ஒரே மாதிரி இருக்கும்: தாக்குதல் மதிப்பு மிகுந்த ஆறு போக்கிமான்கள், ஒவ்வொன்றிலும் நான்கு பலத்த அடிகள். "நல்லா அடிக்கிறது ஆறையும் சேத்தாச்சே அண்ணா, பின்ன ஏன் தோக்குது?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். அந்தக் கேள்விக்குச் சேத வாய்பாட்டில் தெளிவான விடை இருக்கிறது.

நிலை 100-இல் நிற்கும் போக்கிமானின் அடி இப்படிக் கணக்கிடப்படுகிறது. 42 என்ற எண்ணை அடியின் வலுவால் பெருக்கி, தாக்குபவரின் தாக்குதல் மதிப்பால் பெருக்கி, தாங்குபவரின் தற்காப்பு மதிப்பால் வகுத்து, 50-ஆல் வகுத்து, 2 கூட்ட வேண்டும். கிடைத்த எண்ணை 0.85 முதல் 1 வரையுள்ள 16 மதிப்புகளில் தற்செயலாக அமையும் ஒன்று பெருக்குகிறது. அடியின் வகையும் (நிலம், பாறை, ஆவி போன்றவை) தாக்குபவரின் வகையும் ஒன்றானால் 1.5 மடங்கு. எதிரியின் வகையைப் பொறுத்து 2, 4, அரை, கால் என்ற பெருக்கங்களும் உண்டு. வகை அறவே செல்லாவிட்டால் சுழியம்.

இதில் ஓர் உண்மையான மோதலைப் பொருத்திப் பார்க்கலாம். கார்சாம்ப் என்ற டிராகன், நில வகைப் போக்கிமானை வேகத்துக்கும் தாக்குதலுக்கும் முழுமையாகப் பயிற்றுவித்தால் அதன் தாக்குதல் மதிப்பு 359. அதற்கு எதிரே ஹிப்பவ்டன் என்ற நில வகை அரண் நிற்கிறது. உயிருக்கும் தற்காப்புக்கும் முழுப் பயிற்சியும், தற்காப்பைக் கூட்டும் இயல்பும் கொடுத்தால் அதன் உயிர்ப்புள்ளி 420, தற்காப்பு 368. வலு 100 உள்ள எர்த்க்வேக் அடி இதன்மீது 105 முதல் 124 வரை சேதம் செய்யும். ஹிப்பவ்டனோ ஸ்லாக் ஆஃப் என்ற வித்தையால் ஒரே சுற்றில் பாதி உயிரை, அதாவது 210 புள்ளிகளை, மீட்டுக்கொள்ளும். கார்சாம்ப் அடித்துக்கொண்டே இருந்தாலும் எதிரிக்குக் கிடைக்கும் வரவு அதன் செலவை மிஞ்சியே நிற்கும். ஆறு கார்சாம்ப்களை வரிசையாக இறக்கினாலும் இந்தக் கணக்கு மாறப்போவதில்லை.

இப்போது கார்சாம்ப் ஒரு சுற்றை அடிக்காமல் செலவழித்து ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆடட்டும். தாக்குதல் இரட்டிப்பாகி 718 ஆகிறது. அதே அடி 210 முதல் 247 வரை சேதம் செய்கிறது. மீட்சியும் சேதமும் ஏறக்குறைய சமநிலைக்கு வந்துவிட்டன. அதோடு, அடியை 1.3 மடங்காக்கும் லைஃப் ஆர்ப் என்ற பொருளையும் கையில் கொடுத்தால் சேதம் 273-இலிருந்து 321 வரை உயர்கிறது. இனி ஒவ்வொரு சுற்றிலும் ஹிப்பவ்டன் குறைந்தது 63 புள்ளிகள் நட்டப்படும். அரண் சில சுற்றுகளில் இடிந்தே தீரும். இதற்கு விலையும் உண்டு: ஒவ்வோர் அடிக்கும் கார்சாம்ப் தன் உயிரில் பத்தில் ஒரு பங்கை இழக்கிறது. ஆனாலும் 2-உம் 1.3-உம் கூடாமல் பெருகி 2.6 ஆவதுதான் தாக்குதல் அணியின் உயிர்நாடி என்பேன். பெருக்கங்களை அடுக்கத் தெரிந்தவரிடம் சுமாரான போக்கிமானும் அரணை உடைக்கும். அடுக்கத் தெரியாதவரிடம் சிறந்ததும் முட்டி நிற்கும்.

அப்படியானால் ஸ்வார்ட்ஸ் டான்ஸ் ஆட அந்த ஒரு சுற்று எங்கிருந்து கிடைக்கும்? அணி அமைப்பின் நுட்பமெல்லாம் இந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. எதிரி சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார். ஹிப்பவ்டனே வேர்ல்விண்ட் என்ற வித்தையால் கார்சாம்பைக் களத்திலிருந்து விரட்டி, சேர்த்த ஏற்றம் அத்தனையையும் அழித்துவிடும். ஆகவே சுற்றுகளை முன்கூட்டியே சம்பாதிக்க வேண்டும். ஒரு வழி, கிரிம்ஸ்னார்ல் போன்ற போக்கிமான் ரிஃப்ளெக்ட், லைட் ஸ்கிரீன் ஆகிய திரைகளை எழுப்புவது. ஒற்றையர் ஆட்டத்தில் இவை எதிரியின் அடிகளைப் பாதியாக்குகின்றன. வழக்கமாக 5 சுற்று நிற்பவை, லைட் கிளே என்ற பொருள் இருந்தால் 8 சுற்று நிற்கும். இன்னொரு வழி, டான்ட் என்ற சீண்டலால் எதிரிப் போக்கிமானை அடி தவிர வேறு வித்தை எதையும் பயன்படுத்த இயலாதபடி கட்டிப்போடுவது. மீட்சி, விரட்டல் எல்லாம் அப்போது முடங்கும்.

மூன்றாவது வழி புதியவர்களுக்கு மனம் ஒப்பாதது: பலி கொடுத்தல். களத்தில் நிற்பதை அழைத்துக்கொண்டு வேறொன்றை இறக்கினால், வருவது எதிரியின் அடியை வாங்கிக்கொண்டுதான் நுழையும். களத்தில் நின்றது வீழ்ந்தபின் இறங்குவதோ அந்த அடியிலிருந்து தப்பிவிடும். எனவே வேலை முடிந்த ஒரு போக்கிமானைக் காப்பாற்ற முயலாமல் விழவிடுவது, அடுத்து வரும் தாக்குநருக்கு முழு உயிரோடு ஒரு நுழைவை வாங்கித் தருகிறது. தற்காப்பு அணி ஆடுபவருக்கு ஒவ்வொரு போக்கிமானும் கடைசிவரை தேவை. தாக்குதல் அணியில் முதலில் இறங்குவது பெரும்பாலும் திரும்பி வராது, அது வருத்தத்துக்குரியதும் அல்ல. ஃபோகஸ் சாஷ் என்ற பொருள் முழு உயிரோடு நிற்பதை ஒரே அடியில் விழவிடாமல் 1 புள்ளியில் நிறுத்தும். அந்தப் பிழைப்பில் கிடைக்கும் சுற்றுக்குள் கற்களைப் பரப்பிவிட்டால் அதன் கடமை முடிந்தது.

அந்தக் கற்கள்தான் ஸ்டெல்த் ராக். 2006-இல் டைமண்ட், பேர்ல் விளையாட்டுகளோடு வந்த இந்த வித்தை போட்டியின் முகத்தையே மாற்றியது. வரி அலுவலகச் சாவடிகள் இருந்த காலத்தில் வாளையாற்றில் எந்த லாரியும் நிற்காமல் எல்லை தாண்ட முடியாதது போல, கற்கள் பரவிய களத்தில் நுழையும் ஒவ்வொரு போக்கிமானும் தன் உயிரில் பொதுவாக எட்டில் ஒரு பங்கைக் கட்டிவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். பாறை வகைக்கு எளிதில் அடிபடுபவை இன்னும் அதிகம் கட்டும். சரிசார்ட், வோல்கரோனா போன்றவை நான்கு மடங்கு பலவீனமானவை என்பதால் பாதி உயிரையே இழக்கும். தற்காப்பு ஆட்டம் போக்கிமான்களை மாற்றி மாற்றி இறக்குவதில் நிற்கிறது. மாற்றமே செலவாகிவிட்டால் அந்த ஆட்டம் ஒவ்வொரு சுற்றிலும் தேய்கிறது. எதிரி ராபிட் ஸ்பின், டீஃபாக் ஆகிய வித்தைகளால் கற்களை அகற்றப் பார்ப்பார். ஒன்பதாம் தலைமுறை விளையாட்டுகளில் கோல்டெங்கோ என்ற போக்கிமான் இதற்கு நல்ல மறுமொழி: ஆவி வகை என்பதால் ராபிட் ஸ்பின் அதன்மேல் செல்லாது, அதன் தனித்திறன் டீஃபாக்கையும் தடுக்கிறது. 2019 முதல் ஹெவி ட்யூட்டி பூட்ஸ் அணிந்து வருபவைக்குக் கல்லெல்லாம் பொருட்டில்லை என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். எவ்வளவு வேறுபாடு என்பது முக்கியமன்று. ஒரு புள்ளி கூடுதல் என்றாலும் முந்துவது முந்துவதுதான். ஜாலி என்ற இயல்பில் கார்சாம்பின் வேகம் 333. வோல்கரோனாவின் உச்ச வேகம் 328. அந்த 5 புள்ளியில் கார்சாம்ப் முதலில் அடிக்கிறது. தாக்குதலைப் பத்து விழுக்காடு கூட்டும் அடமன்ட் இயல்பைத் தேர்ந்தால் வேகம் 303 ஆகி இந்த மோதல் தலைகீழாகும். தாக்குதல் அணியில் நான் பெரும்பாலும் வேகத்தையே தேர்வேன், ஏனெனில் முதலில் அடிப்பவர் அடி வாங்கும் ஒரு சுற்றை மிச்சப்படுத்துகிறார். அதிகாரபூர்வ உலகப் போட்டி, பக்கத்துக்கு இரண்டு போக்கிமான்கள் களத்தில் நின்று ஆடுவது. அங்கே டெயில்விண்ட் என்ற வித்தை தன் அணி முழுவதன் வேகத்தையும் 4 சுற்றுக்கு இரட்டிப்பாக்குவதால் கணக்கு வேறு விதமாகப் போகும்.

தாக்குநர்களைத் தேர்வதில் நான் முக்கியமாகக் கருதுவது ஒன்று. ஆறு பேரும் வெவ்வேறு எதிரிகளை வீழ்த்த வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அதைவிடப் பயன் தருவது, ஒரே அரணில் முட்டும் இருவரைச் சேர்ப்பது. ஹிப்பவ்டன் நலமாக நிற்கும்வரை கார்சாம்புக்கும் தொல்லை, நில அடிக்கு எளிதில் விழும் கிங்காம்பிட்டுக்கும் தொல்லை. கார்சாம்ப் தன் உயிரைக் கொடுத்து அந்த அரணைத் தகர்த்துவிட்டால் அடுத்து வரும் கிங்காம்பிட்டின் வழியில் அது இல்லை. எதிராளி வைத்திருந்த ஒரே மறுமொழி முதல் தாக்குதலிலேயே செலவாகிவிடுகிறது.

குறிதவறும் வாய்ப்பை மட்டும் யாரும் கண்டுகொள்வதில்லை. எண்பது விழுக்காடு துல்லியம் கொண்ட ஸ்டோன் எட்ஜ் போன்ற அடி, ஒரு முறைக்கு நம்பகமாகத் தோன்றும். வெற்றிக்கு அது மூன்று முறை தொடர்ந்து பட வேண்டுமென்றால் வாய்ப்பு 51.2 விழுக்காடுதான். தற்காப்பு ஆட்டத்தில் ஒரு தவறிய அடியை அடுத்த சுற்றில் ஈடுகட்டலாம். தாக்குதல் அணிக்கு அந்த அடுத்த சுற்று கிடைக்காமலே போகலாம். வலு சற்றுக் குறைந்தாலும் தவறாத அடியைத் தேர்வதே சரி.

கிங்காம்பிட்டைக் கடைசிவரை வைத்திருப்பதற்கும் காரணம் எண்களில்தான் இருக்கிறது. அதன் தனித்திறன், வீழ்ந்த ஒவ்வொரு கூட்டாளிக்கும் அடியைப் பத்து விழுக்காடு கூட்டுகிறது. ஐந்து பேரும் வீழ்ந்தபின் 1.5 மடங்கு. அதன் அடிப்படை வேகம் வெறும் 50. ஆனால் சக்கர் பஞ்ச் என்ற அடி, எதிரி அடிக்க முனையும் சுற்றில் வேகத்தைப் பொருட்படுத்தாமல் முந்திக்கொள்ளும். முன்பு பலியானவை அத்தனையும் இப்போது அதன் அடியில் பெருக்கமாக வந்து சேர்கின்றன. எதிராளி அடிக்காமல் ஏற்றம் சேர்க்கும் வித்தையைத் தேர்ந்தால் சக்கர் பஞ்ச் வீணாகும் என்பதால், இறுதிச் சுற்றுகளில் அவர் எதைத் தேர்வார் என்பதை ஊகித்து ஆட வேண்டியிருக்கிறது.