எபிசோட்: பாட்டின் நடுவே வந்த சொல்

"இன்னும் ஒரே ஒரு எபிசோட்" என்று நேற்று இரவு மூன்றாவது முறையாகச் சொல்லிக்கொண்டேன். கையில் ரிமோட். பாதி படித்த சிலப்பதிகாரம் மடியில் குப்புறக் கிடந்தது. சரி, நாள் முழுக்க வாயில் புழங்கும் இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று தேடப் போனேன். அது கடைசியில் என்னை மடியில் கிடந்த புத்தகத்துக்கே கூட்டி வந்தது.

எபிசோட் கிரேக்க வழிச் சொல். மூலம் 'எபெய்சோடியன்'. பிரித்தால் 'எபி' கூடுதல், 'எய்ஸ்' உள்ளே, 'ஹோடோஸ்' வழி. கூடுதலாக உள்ளே நுழைந்தது என்று பொருள். வேதியியலில் படித்த ஆனோடு, கேதோடு இரண்டின் கடைசியிலும் இருப்பது இதே ஹோடோஸ்தான்.

எதற்குள் நுழைந்தது? பாட்டுக்குள். பழைய கிரேக்கத் துன்பியல் நாடகத்தில் கோரஸ் எனும் குழு பாடி ஆடும். ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் நடுவே நடிகர்கள் வந்து பேசும் பகுதிதான் எபெய்சோடியன். நாடகாசிரியர்களில் ஈஸ்கிலஸ் நடிகர்களை இருவராக்கினார், சோஃபக்ளிஸ் மூவராக்கினார் என்கிறார் அரிஸ்டாட்டில். பேச்சு வளர வளரப் பாட்டு சுருங்கியது. இடையில் வந்ததே நாடகமாகிவிட்டது.

அப்புறம் பெருங்கதைக்குள் வரும் கிளைக்கதைக்கும், வாழ்க்கையில் நடக்கும் ஒரு தனிச் சம்பவத்துக்கும் இந்தப் பெயர் வந்தது. தொடரின் ஒரு பங்கு என்ற பொருள் அதற்கும் பிறகு வந்தது.

தமிழில் என்ன சொல்லலாம்? 'பகுதி' புரியும், ஆனால் எதைத் துண்டு போட்டாலும் பகுதிதான். 'அத்தியாயம்' நல்ல சொல். வடமொழியில் பாடம், ஓதும் பகுதி என்று பொருள். புத்தகத்துக்கும் தொடருக்கும் ஒன்றாகப் பொருந்துவதால் பேச்சில் நான் இதைத்தான் சொல்கிறேன்.

ஆனால் என் மனம் போய் நிற்பது 'காதை' என்ற சொல்லில். சிலம்பின் 30 பகுதிகளில் பெரும்பாலானவை காதைகள். நடுநடுவே கானல் வரி, வேட்டுவ வரி, ஆய்ச்சியர் குரவை, குன்றக் குரவை என்று பாட்டும் கூத்தும் வரும். பாட்டுகளுக்கு இடையே கதையை நகர்த்துவது காதை. எபெய்சோடியன் செய்த அதே வேலை! சிலம்பின் முன்னுரையான பதிகமும் இந்த நூலை 'உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்', அதாவது நடுநடுவே உரைநடை வரும் பாட்டு நூல், என்கிறது. அந்த 'இடையிட்ட' என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. கிரேக்கத்தையும் தமிழையும் நான் உறவாக்கவில்லை. இரண்டு மேடைகளிலும் கதை பாட்டின் நடுவேதான் வந்து நின்றிருக்கிறது, அவ்வளவுதான்.

தொடர்களைப் பற்றி எழுதும்போது இனி 'முதல் காதை', 'இறுதிக் காதை' என்றே எழுதப் போகிறேன். கேட்கக் கொஞ்சம் பழசாக இருக்கும், பழகிவிடும்.

நேற்று டிவியை அணைத்துவிட்டு, புத்தகத்தில் விட்ட இடத்தை எடுத்தேன். கொலைக்களக் காதை முடிகிறது. கோவலன் வெட்டுண்டு கிடக்கிறான், கண்ணகிக்கு இன்னும் தெரியாது. பக்கத்தைத் திருப்பினால் ஆய்ச்சியர் குரவை. ஆயர்பாடியில் குடத்துப் பால் உறையவில்லை, உறியில் வெண்ணெய் உருகவில்லை. ஏதோ கெட்டது வரப்போகிறது என்று கண்ணகிக்கு அடைக்கலம் தந்த மாதரி அஞ்சுகிறாள். கண்ணகி பார்க்கட்டும் என்று பெண்கள் கைகோத்துக் குரவை ஆடத் தொடங்குகிறார்கள்.